வடிகட்டியில் நின்ற ரத்தம்

தானம் கொடுத்துவிட்டு வந்த ரத்த வங்கியிலிருந்து திரும்பக் கூப்பிட்டபோது, ஏதோ பாராட்டத்தான் அழைக்கிறார்கள் என்று இஸ்திரி போட்ட சட்டையில் கிளம்பிப் போனான் அவள் கணவன். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன், காய்ச்சல் என்று ஒருநாள் படுத்தவனில்லை. திரும்பி வந்தவன் சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தான்.

“நான் குடுத்த ரத்தம், வெள்ளணுவைப் பிரிக்கிற வடிகட்டியில முழுசா இறங்கலையாம். பாதியில அடைச்சுக்கிச்சாம். ஏன்னு சோதிச்சுப் பார்த்தா, அரிவாள் அணுவாம், சிவப்பணு அரிவாள் மாதிரி வளையுற குணம். பரம்பரையா வர்றதாம். எனக்கு ஒண்ணும் பண்ணாதாம். ஆனா…”

அவன் பார்வை அவள் வயிற்றுக்குப் போனது. நான்காம் மாதம்.

“உனக்கும் இருந்துச்சுன்னா, பிள்ளைக்கு நோயாவே வரலாமாம். நாலுல ஒரு வாய்ப்பு.”



“எங்க பரம்பரையில யாருக்கும் ஒரு நோயும் கிடையாது,” என்று சமையலறையிலிருந்து வந்தது மாமியாரின் குரல்.

“நோய் இல்ல அத்தை. சும்மா சுமந்துக்கிட்டு இருக்கார்.”

“அப்போ நான்தான் குடுத்தேங்கிறியா?”

“இந்த மூக்கைக் கூடத்தான் குடுத்தே, நான் சண்டைக்கா வந்தேன்?” என்றான் அவன். யாரும் சிரிக்கவில்லை.

மறுநாளே அவளும் சோதனைக்கு ரத்தம் கொடுத்தாள். முடிவு வெள்ளிக்கிழமை என்றார்கள். அதுவரை, தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையின் வரவேற்பில் உட்கார்ந்து, பல் பிடுங்க வந்தவரைப் பல் கட்டும் அறைக்கு அனுப்பி வைத்தாள். வீட்டிலோ, தினமும் வயிற்றில் கைவைத்துக் கதை பேசுகிறவன் வாசற்படியிலேயே நின்று, “சாப்பிட்டியா?” என்று கேட்டுவிட்டு நகர்ந்தான்.

“தொட்டா ஒட்டிக்குமா என்ன?”

“ஒட்டாதுன்னு தெரியும்மா. ஏற்கெனவே என்னத்தைக் குடுத்துத் தொலைச்சேனோன்னு நினைச்சா, கை வரமாட்டேங்குது.”



வெள்ளிக்கிழமை டாக்டரம்மா தாளைப் பார்த்து நிமிர்ந்தார். “உங்களுக்கு இல்லை. பிள்ளைக்கு அந்த நோய் வராது. அப்பா மாதிரி சுமக்கலாம், அவ்வளவுதான். அதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.”

வெளியே வந்தும் அவன் முகம் தெளியவில்லை. “பாதிக்குப் பாதியாமே…”

“இருந்தா இருந்துட்டுப் போகுது. சொல்லி வளர்ப்போம். உங்களுக்குத்தான் யாரும் சொல்லல.” சொல்லும்போதே அவளுக்கு அவன் தங்கையின் நினைவு வந்தது. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். “முதல்ல உங்க தங்கச்சிக்குப் போன் போடுங்க. அவளும் மாப்பிள்ளையும் இப்பவே ரத்தத்தைச் சோதிச்சுப் பார்த்துடட்டும்.”

அவன் போன் போட்டான்; எதிர்முனையில் மணி அடித்தது. அவன் தொண்டையைச் செருமினான்.

“‘பயப்படாதே’ன்னு ஆரம்பிக்காதீங்க,” என்று அவள் கிசுகிசுத்தாள். “அப்புறம் நிஜமாவே பயந்துடுவா.”