இரண்டாவது அறங்காவலர்

தேனியில் ஆடிட்டர் ஓவியாவின் அலுவலகம் மாடியில் இருந்தது. கிராம சுகாதாரச் செவிலியராக முப்பத்தோரு வருஷம் நடந்து தேய்ந்த முழங்காலோடு லத்திபா படியேறினார். ஆஸ்பத்திரியில் துணையில்லாமல் கிடப்பவர்களுக்குக் கூட இருக்க ஆள் அனுப்ப ஓர் அறக்கட்டளை தொடங்க வேண்டும், அதற்கு வரிவிலக்கு வாங்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அறக்கட்டளைப் பத்திரத்தின் வரைவைப் படித்துவிட்டு ஓவியா நிமிர்ந்தாள். "நோக்கமெல்லாம் சரியா இருக்கும்மா. உங்க சொந்தக்காரங்க பேரை எழுதிக் குடுங்க. அவங்களுக்கு இதுல ஆதாயம் போகலைன்னு காட்டணும்."

லத்திபா தாளை வாங்கினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தம்பியும் ஐந்து வருஷத்துக்கு முன்பே மவுத்தாகிவிட்டான். 'யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கூட இன்னொரு அறங்காவலர் வேணுமே. யாரைப் போடலாம்?"

"கேட்டுட்டு வாரேன்."

மனசில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் லத்திபா பித்தப்பை ஆபரேஷனுக்குப் போனபோது, கையெழுத்துப் போட உறவு இல்லையென்று இரண்டு தடவை தள்ளிவைத்தார்கள். மூன்றாம் நாள், பக்கத்து வார்டில் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்த பண்ணைப்புரத்துப் பஞ்சம்மாள் வந்து, "எங்கன வைக்கணும்?" என்று கேட்டுக் கைநாட்டு வைத்தார். மயக்கம் தெளியும்வரை பக்கத்திலேயே இருந்தார்.

மறுநாள் காலையில் லத்திபா பண்ணைப்புரம் போனார். மொச்சை உரித்துக்கொண்டிருந்த பஞ்சம்மாள் ஏறிட்டுப் பார்த்தார்.

"யாருன்னு தெரியலையே தாயி."

லத்திபா நடந்ததைச் சொன்னார்.

"இருக்கும். அங்கன கிடந்த பதினெட்டு நாள்ல எத்தனையோ பேருக்குத் தண்ணி மோந்து குடுத்தேன். எங்க வீட்டுக்காரகளத்தான் காப்பாத்த முடியல."

இரண்டு வருஷமாக ஒவ்வொரு தொழுகையிலும் அந்த முகத்துக்காக துஆ கேட்டிருந்தார் லத்திபா. அந்த முகத்துக்குத் தன்னை அடையாளமே தெரியவில்லை. கொடுத்த காப்பியைக் குடித்து முடித்தார். பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார்.

"வரி கட்டாம இருக்கவா இம்புட்டுப் பேப்பரு?"

"நன்கொடை குடுக்கிறவுகளுக்கும் வரியில கழிவு உண்டுக்கா. அப்பத்தான் நாலு பேரு குடுப்பாக."

பஞ்சம்மாள் யோசித்தார். "சும்மா பேருக்குன்னா என்னைய விட்டுருங்க. ஆளு பத்தலைன்னா நானே போய் உக்காருவேன். அதுக்குச் சம்மதம்னா வாரேன்."

மறுவாரம் பத்திரம் பதிவானது. கைநாட்டு வைத்த கையோடு, மாடு கத்திக்கிடக்கும் என்று பஞ்சம்மாள் ஊர் வழியாகப் போகும் தேவாரம் பஸ்ஸுக்கு ஓடினார். ஓவியா வரிவிலக்கு விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றி முடிக்கும்வரை லத்திபா தனியாக உட்கார்ந்திருந்தார்.

ஒரு மாதம் கழித்து வரிவிலக்குக்கான தற்காலிகப் பதிவுச் சான்றிதழ் செல்போனுக்கு வந்தது. எழுத்தைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. பஞ்சம்மாளைக் கூப்பிட்டார், மணி அடித்து அடித்து நின்றது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார்.

விஷயத்தைக் கேட்ட நர்ஸ் கடைசிக் கட்டிலைக் காட்டினாள். "கோம்பைக்காரரு. நாலு நாளாத் தனியாத்தான் கிடக்காரு. ஆனா யாரும் வேணாங்காரு, டீச்சர் மாதிரி திட்டுவாரு."

லத்திபா ஸ்டூலைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். அந்த மனிதர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"யாரு உங்களை வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல. நானாத்தான் வந்தேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போகச் சொல்லவில்லை. லத்திபா உட்கார்ந்தே இருந்தார்.