ஒட்டாத அடிப்பலகை

மசாயா ஊரில் எர்மெலிண்டாவின் பட்டறையில் மரம் சீவும் இழைப்புளிகளுக்கு நம்பார் மரத்தில்தான் அடிப்பலகை ஒட்டுவார்கள். கல்லு மாதிரி கனக்கும் மரம், உடம்பெல்லாம் எண்ணெய். அசிட்டோனால் துடைத்து, எண்ணெய் மறுபடி கசிவதற்குள் பசை தடவி இறுக்கிவிட வேண்டும். துடைப்பது தம்பி நிக்கானோர். அவன் சபை மாறியவன், சிலுவை போட மாட்டான்; துடைப்பதோடு சரி. மரத்தில் கட்டைவிரலால் சிலுவை போட்டு, பசை தடவி இறுக்குவது எர்மெலிண்டா. முடிந்த இழைப்புளிகளுக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பதும் அவளேதான்.

மூன்றாவது இழைப்புளியும் முன்முனையில் வாயைப் பிளந்தது. வாங்க வந்த படகுத் தச்சர் வாசலிலேயே நின்றார்.

"ஒழுங்காத் தொடைச்சியா, இல்ல போனப் பாத்துக்கிட்டே தேச்சியா?" என்றாள் எர்மெலிண்டா.

"துணியில மரச்சாயம் வர்றது நிக்கிற வரைக்கும் தொடைச்சேன்க்கா."

"அப்ப எண்ணெய் வானத்துலேருந்து வந்துச்சாக்கும். வாங்குறவர் முன்னாடி மானத்த வாங்குறியேடா."

நிக்கானோர் விரிசலில் உளியை வைத்து ஓங்கித் தட்டினான். தட்டத் தட்ட, பலகை முரண்டு பிடித்துத்தான் கழன்றது. பின்பக்கம் முழுக்கப் பசை மர நாரையே பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. முன்முனையில் மட்டும் பசை பிடிக்காமல், கட்டைவிரல் அகலத்தில் ஒரு சிலுவை பளபளத்தது.

படகுத் தச்சர் எட்டிப் பார்த்தார். எர்மெலிண்டா வலது கையை மெதுவாக இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணிக்குள் மறைத்தாள்.

"நீ சொன்னது சரிதான்க்கா," என்றான் நிக்கானோர். "வானத்துலேருந்துதான் வந்திருக்கு."