விதை எடுத்த மிளகாய்

மாமியார் தட்டைத் தள்ளிவிட்டாள். சத்தமில்லாமல்தான். சுட்டுவிரலால் விளிம்பைத் தொட்டு, மேசையின் அந்தக் கோடிவரைக்கும் நகர்த்தினாள். தட்டில் குழைந்த சோறும் சுரைக்காய்க் குழம்பும் ஒரு வாய் மட்டும் குறைந்து கிடந்தன.

"பாப்பா, உன் வீட்டுக்காரன்கிட்ட சொல்லு. களிமண்ணைக் கரைச்சு ஊத்தியிருந்தாக்கூட முழுங்கியிருப்பேன்."

அந்த வீட்டுக்காரன் இரண்டடி தள்ளி, கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தான். அவள் வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தைகூட அவனிடம் நேராகப் பேசவில்லை. எல்லாமே மகள் வழியாகத்தான். மகள் துணிக்கடை வேலைக்குப் போயிருக்கும் நேரங்களில் சுவரைப் பார்த்துப் பேசுவாள். சுவருக்குக்கூட ஒரு மரியாதை உண்டு, அவனுக்குக் கிடையாது.

ஹோட்டலில் அவனை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மதியச் சாப்பாடு முழுக்க அவன் கை. மாமியார் வைத்த பெயர் கரண்டி. "போயும் போயும் ஒரு கரண்டியக் கட்டிக்கிட்டு வந்திருக்கா" என்று ஊர் முழுக்கச் சொன்னவள் அவள். பதிவு அலுவலகத்தில் நடந்த கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்கப்புறம் வீட்டுப் படியும் மிதிக்கவில்லை. கடைசியில் வயிறுதான் அவளைக் கொண்டுவந்து சேர்த்தது. குடலில் புண், ரத்தமாக வாந்தி, ஆஸ்பத்திரி. டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். புண் ஆறும்வரை மிளகாய்த்தூளைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது, அதற்காகப் பட்டினியும் கிடக்கக்கூடாது.

மற்றவர்களுக்கென்றால் அது ஒரு பத்தியம், அவ்வளவுதான். ஆனால் மாமியார் வாழ்ந்ததே மிளகாயில். கணவன் போனபிறகு மசாலா மில்லில் வேலைக்குச் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில்தான் மகளை வளர்த்தாள். பெரிய வாணலியில் மிளகாயும் மல்லியும் வறுபடும்போது பக்கத்தில் நின்று பதம் சொல்வது அவள் வேலை. கொஞ்சம் கருகினாலும் மொத்த சரக்கும் பாழ். அவ்வளவு கூர்மையான மூக்கு, மில்லில் அவளுக்குப் பெயரே மூக்கக்கா. சோற்றில் வெறும் மிளகாய்த்தூளைத் தூவிப் பிசைந்து சாப்பிடுகிறவள் என்று மகள் பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறான்.

அதனால்தான் மாஸ்டர் இதைத் தொழில் கௌரவமாக எடுத்துக்கொண்டான். வயிற்றைச் சுடாமல் நாக்கை மட்டும் தொடுகிற காரம் ஒன்று உண்டு, அதைத் தன்னால் கொண்டுவர முடியும் என்று நம்பினான். வற்றல் மிளகாயைக் கீறி விதையை உதிர்த்து, உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பையும் சுரண்டி எடுத்தான். வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினான். மிஞ்சியது நிறமும் ஒரு சாயலும்தான். அந்தத் தோலையும் தன் தட்டுக்கு மட்டும் வைத்துக்கொண்டான், டாக்டர் பேச்சை மீறவில்லை. அவளுடைய குழம்புக்குத் தோல் சீவிய இஞ்சியின் சாறு. அதையும் தெளியவிட்டு, அடியில் படிந்த வெள்ளையை விட்டுவிட்டு மேலே இருப்பதில் சில சொட்டு மட்டும் எடுத்தான். மல்லியையும் சீரகத்தையும் வெறும் சட்டியில் வறுத்தான். பூண்டை நசுக்காமல் முழுசாகப் போட்டு, வெண்ணெய் மாதிரி ஆகும்வரை பொறுமையாக வேகவிட்டான். கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். சமையல்கட்டில் எழும்பிய வாசனைக்கு மாடி வீட்டுக்காரி இறங்கி வந்து எட்டிப்பார்த்தாள்.

மாமியார் மட்டும் அசையவில்லை. ஒரு வாய் வைப்பாள். முகத்தில் எதுவும் வராது. அடுத்து தட்டு நகரும்.

"வேணும்னுதான் பண்றான். சாகட்டும்னு விட்டிருக்கான்."

மனைவி இடையில் மாட்டிக்கொண்டு விழித்தாள். "கொஞ்சம் மிளகாவது தூக்கலா போடுங்களேன். பாவம், நாக்கு செத்துப்போச்சு அம்மாவுக்கு."

"போட்டா வயிறு தாங்காதுன்னு நீயே சொன்னியே."

"சொன்னேன். அதுக்காக இப்படி வெளுத்துப்போய்ச் சமைச்சா?"

வெளுத்துப்போய். பல வருஷம் அடுப்படியில் நின்றவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். அன்று ராத்திரி அவன் மனைவியிடம் பேசவில்லை.

அந்த வாரத்தில்தான் அது நடந்தது. மதிய வேலை முடிந்து வீட்டுக்கு வந்தவன் கதவைத் திறந்ததுமே நின்றுவிட்டான். கேஸ் நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. சமையல்கட்டில் மாமியார் அடுப்பின்மேல் குனிந்திருந்தாள். தண்ணீர் சுடவைத்திருக்கிறாள். ஜன்னல் காற்றில் தீ அணைந்திருக்கிறது, குமிழ் திறந்தபடியே இருக்கிறது. அவள் மறுபடி பற்றவைப்பதற்காக இடது கையிலிருந்த லைட்டரை அடுப்புக்கிட்டே கொண்டுபோய்க்கொண்டிருந்தாள்.

கத்த நேரமில்லை. அவன் பாய்ந்து அவள் கையை ஓங்கித் தட்டிவிட்டான். லைட்டர் பறந்து சுவரில் மோதியது. மணிக்கட்டு சமையல் மேடை விளிம்பில் இடித்து, அவள் "அய்யோ" என்று அலறினாள். சிலிண்டரை மூடி, ஜன்னல்களையெல்லாம் விரியத் திறந்தபிறகுதான் அவன் அவள் பக்கம் திரும்பினான்.

"என்ன காரியம் பண்ணப் பாத்தீங்க அத்தை! வீடே போயிருக்கும்!"

அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். முதல்முறையாக நேராகப் பார்த்தாள். "கை நீட்டிட்டல்ல?" என்றாள். "ம். நீட்டிட்ட."

மனைவி வருவதற்குள் காற்றடித்து வீடு சுத்தமாகியிருந்தது. நாற்றம் போய்விட்டது. மணிக்கட்டில் நீலமாகக் கன்றிய வீக்கம் மட்டும் போகவில்லை.

"கேஸ் திறந்து கிடந்துச்சு. பத்தவைக்கப் போனாங்க. தடுத்தேன்."

"பொய்" என்றாள் மாமியார். "அடுப்புகிட்டயே நின்னவ நான். கேஸ் வந்திருந்தா எனக்குத் தெரியாதா? யாரு மூக்கு இது? அப்போதான் அணைஞ்சுது, அப்போதான் போனேன். கோவத்தை என் மேல காட்டிட்டான், அவ்வளவுதான்."

மனைவி இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த மூக்கை நம்பி வளர்ந்தவள் அவள். தீப்பெட்டியை ஒளித்துவைத்தாலும் கந்தக வாசனையில் கண்டுபிடித்துவிடுவாள் என்று அம்மாவைப் பற்றித் தோழிகளிடம் சொல்லித் திரிந்தவள்.

"ஏங்க, கை நீட்டுற அளவுக்கா?" என்றாள். பிறகு குரல் மாறியது. "நீ இப்படின்னு நான் நினைக்கல."

காதலித்த காலத்தில் ஆசையாகச் சொன்ன 'நீ' அது. கல்யாணத்துக்குப் பிறகு மரியாதைக்குள் போய்விட்ட அந்தச் சொல் இப்போது வேறு முகத்தோடு திரும்பி வந்தது. அவள் பாயை எடுத்துக்கொண்டு அம்மா அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் ஹோட்டலுக்கு விடுப்புச் சொல்லிவிட்டான். மனைவி பேசாமலே கடைக்குக் கிளம்பிப் போனாள். மாமியார் சமையல்கட்டு வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். இவன் என்ன போடுகிறான் என்று கண்காணிக்கவாம், சுவரிடம் சொன்னாள். மாஸ்டர் அடுப்பைப் பற்றவைத்தான். சீரகத்தைச் சட்டியில் கொட்டிவிட்டு எதையோ நினைத்துக்கொண்டே நின்றான். சீரகம் சிவந்து, கருத்து, கரியாகி, புகை சுருண்டு கூரைவரைக்கும் எழும்பியது. தொண்டை கமறி அவனே இருமினான். திரும்பிப் பார்த்தால், மாமியார் தெரு ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, யாரோ சைக்கிளில் போவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வறுவல் பதம் சொல்கிறவள். ஒரு சட்டி சீரகம் கரியாகியும் தலை திரும்பவில்லை.

அவன் அடுப்பை அணைத்தான். முந்தின நாள் குழம்பில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதைக் கரண்டியில் எடுத்து, இடது கையால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வாயில் விட்டான். மல்லி இல்லை. சீரகம் இல்லை. மணிக்கணக்கில் வெந்த பூண்டு இல்லை. வாயெல்லாம் வழவழவென்று, லேசான உப்போடு என்னமோ ஒன்று. களிமண் என்று அவள் சொன்னது வசவு இல்லை. சும்மா உள்ளதைச் சொல்லியிருக்கிறாள்.

"அத்தை, எத்தனை நாளா உங்களுக்கு வாசனை தெரியல?"

சைக்கிளைப் பார்த்த கண் அப்படியே நின்றது. நாற்காலியின் கைப்பிடியை விரல்கள் பிடித்தன. மறுப்பாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"மில்லுல இருக்கும்போதே போயிடுச்சு. எப்பன்னு தெரியல. தூசு தின்னு தின்னு கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. வெளிய சொன்னா வேலை போயிடும். இவ அப்ப படிச்சுக்கிட்டிருந்தா."

"அப்புறம் எப்படிப் பதம் சொன்னீங்க?"

"சத்தத்துல. மிளகா ஈரம் போனதும் சத்தம் மாறும். மல்லிக்கு நிறம் பாத்தாப் போதும். ஓய்வு வாங்குறவரைக்கும் ஒரு சட்டி தீயல." தலை நிமிர்ந்துதான் சொன்னாள். "காரம் மட்டும்தான் வாயில தெரியும். அது சுடும், கண்ணுல தண்ணி வரும், ஏதோ தின்னோம்னு இருக்கும். அதையும் பிடுங்கிட்டீங்க."

ஒரு நிமிஷம் அவன் அவளைத் தன் அடுப்பில் வேலை பார்க்கிற ஆளாக வைத்துப் பார்த்தான். ஒரு கும்பிடு போடலாம் போலிருந்தது. அடுத்த நிமிஷமே வீங்கிய அந்த மணிக்கட்டு கண்ணில் பட்டது.

"சரி. சாயங்காலம் உங்க பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. கேஸ் வாசனை உங்களுக்குத் தெரியாதுன்னு."

"சொல்ல மாட்டேன்."

"அத்தை..."

"பொய் சொல்லி வளத்தேன்னு அவளுக்குத் தெரிய வேணாம். நீயும் சொல்லக்கூடாது."

"அப்போ நான் உங்களை அடிச்சவனாவே இருக்கணுமா?"

"இரு" என்றாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம என் பொண்ணைக் கூட்டிட்டுப் போனவன்தான நீ. அதுக்கு இது."

இனி இந்தக் கிழவிக்கு ஒரு கை உப்பும் கிடையாது என்று நினைத்தபடிதான் மேடைப்பக்கம் திரும்பினான். ஆனால் கை வேறு யோசனையில் இருந்தது. மூக்கே இல்லாத வாய்க்கு எதெல்லாம் தெரியும்? அவன் மறுபடி மூக்கைப் பிடித்துக்கொண்டு டப்பா டப்பாவாகத் திறந்தான். சோம்பு செத்துக் கிடந்தது. ஏலக்காய் மரத்தூள். கிராம்பு மட்டும் நாக்கை மரத்துப்போக வைத்தது. புதினா ஜில்லென்று தொண்டைக்குள் இறங்கியது. சுக்கு மெதுவாகச் சுட்டது. இஞ்சித் துண்டைக் கடித்தபோது காதுவரைக்கும் சூடு ஏறியது. இதெல்லாம் மிளகாய் மாதிரி புண்ணைக் கிளறாது. அளவு மீறாமல், வயிறு நிறையச் சோற்றோடும் பருப்போடும் போனால் தாங்கும்.

பாசிப்பருப்பை மசிய வேகவைத்தான். அரைவேக்காட்டுக் கேரட்டைப் பல்லுக்குத் தெரிகிற மாதிரி பொடியாக வெட்டிப் போட்டான். இஞ்சியை மயிரிழையாகச் சீவி, சுக்கும் கிராம்பும் தட்டிச் சேர்த்து, கெட்டித் தேங்காய்ப்பாலில் ஒரு கொதி விட்டான். இறக்கும்போது புதினாவைக் கிள்ளிப் போட்டான். மூக்கைப் பிடித்தபடியேதான் ருசி பார்த்தான். அவள் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை, திட்டவுமில்லை.

சாயங்காலம் வரைக்கும் அவள் தொடவில்லை. தட்டில் சோறு போட்டு, குழம்பைச் சூடாக ஊற்றி, அவள் முன்னால் ஓசை வர வைத்துவிட்டு அவன் அடுப்புப்பக்கம் போய்விட்டான். வேணும்னா தின்னு, வேணாம்னா போ என்று முதுகாலேயே சொன்னான்.

ஒரு வாய். கேரட் நறுக்கென்று கடிபடும் சத்தம். அப்புறம் இன்னொரு வாய். அவன் திரும்பவில்லை. தட்டு மேசையில் உரசுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தான். அது வரவில்லை.

கதவு திறந்தது. மனைவி உள்ளே வந்தாள். அவனைப் பார்க்காமல் நேராக அம்மாவிடம் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மாவின் நெற்றியெல்லாம் முத்து முத்தாக வேர்வை. மேலுதடு பளபளத்தது. மூக்கு ஒழுக, புறங்கையால் துடைத்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன போட்ட?" மனைவி அவன் பக்கம் திரும்பிக் கத்தினாள். "புண்ணு ஆறாத வயித்துல மிளகாயைக் கொட்டியிருக்கியா? கொல்லவே பாக்கறியா?"

அவன் மாமியாரைப் பார்த்தான். அவள் தட்டை விட்டுத் தலை தூக்கவில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வாயில் சோறு இருந்தது.

"விடும்மா, சாப்பிடாத!" மனைவி தட்டின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். மாமியார் எதிர்ப்பக்க விளிம்பைப் பிடித்தாள், கன்றிப்போன அதே கையால். மகள் இழுத்தாள். தாய் விடவில்லை. தட்டு இருவருக்கும் நடுவே மேசையைவிட்டு எழும்பி, ஒருபக்கம் சாய்ந்து, மஞ்சள் குழம்பு மெல்ல விளிம்பை நோக்கி ஓட ஆரம்பித்தது. தாயின் இன்னொரு கை மட்டும் அவசரமில்லாமல் இறங்கி, அடுத்த கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தது.