மண் வைத்துக் கட்டிய நாற்பது அடி

எங்கள் தெருவில் கூரையோடு மிஞ்சியது எங்கள் வீடு ஒன்றுதான். அதற்குக் கடவுளுக்கு நன்றி சொல் என்கிறார்கள். சொல்லிவிட்டேன். ஆனால் முழு நன்றியையும் அவரே எடுத்துக்கொண்டால் நியாயமில்லை. பாதியாவது என் அண்ணன் பார்த்த மட்டமான வேலைக்குப் போய்ச் சேர வேண்டும்.

என் வீட்டுக்காரர் கொத்து வேலை மேஸ்திரி. பிரெஞ்சுக்காரர்கள் ஊரைச் சுற்றிக் கோட்டைச் சுவர் எழுப்பியபோது, எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடும் பகுதியை அவரிடம் ஒப்படைத்தார்கள். அதற்கு அடுத்த பகுதி என் அண்ணனுக்கு. இரண்டு பேருக்கும் சுண்ணாம்புச் சாந்து சுமந்தவள் நான். அதனால் இரண்டு பேரைப் பற்றியும் பேச எனக்கு உரிமை உண்டு.

வேலை முடிந்த அன்று என் அண்ணன் கட்டிய சுவரை இவர் ஓர் ஆணியால் கீறிப் பார்த்தார். பொலபொலவென்று மண் உதிர்ந்தது. "இது சுவரா, கரையான் புத்தா?" என்று பத்துப் பேர் முன்னால் கேட்டுவிட்டார். அண்ணன் சாந்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான். அன்றைக்குப் போனவன் பன்னிரண்டு வருஷம் எங்கள் வாசல்படி ஏறவில்லை. நானும் கூப்பிடவில்லை. தாலி கட்டியவனா, கூடப் பிறந்தவனா என்று வந்தால், எந்த அடுப்பில் நமக்குச் சோறு வேகிறதோ அந்தப் பக்கம் நின்றுவிடுகிறோம். அதில் எனக்கு இன்றும் வெட்கம் உண்டு.

பிறகு கடலுக்கு அப்பால் இரண்டு ராஜாக்களுக்கு ஆகவில்லை. இங்கிலீஷ் ராஜாவின் ஆட்கள் வந்து பிரெஞ்சு ராஜாவின் ஊரை வளைத்துக்கொண்டார்கள். ஊர் என்னவோ எங்களுடையதுதான், அதை யாரும் கேட்கவில்லை. ஏழு மாதம் குண்டு விழுந்தது. கூரைகள் போயின. கடைசியில் சாப்பிட ஒன்றும் இல்லாமல் எலிகளே ஊரைக் காலி செய்தன. சுவர் மட்டும் அசையாமல் நின்றது. வயிறு நிற்கவில்லை. பிரெஞ்சுத் தளபதி கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே வந்த சிவப்புச் சட்டைக்காரர்கள் முதலில் போட்ட உத்தரவு, சுவரை இடிக்க வேண்டும் என்பது. பிரெஞ்சுக்காரன் நாளைக்குத் திரும்பி வந்தாலும் ஒளிந்துகொள்ள ஒரு கல் இருக்கக் கூடாதாம். கட்டியவர்களே இடிக்க வேண்டும். ஐந்து நாள் கெடு. ஐந்தாம் நாள் மதியம் எந்த இடம் நிற்கிறதோ, அந்த இடத்துக்கு அடியில் வெடிமருந்து வைப்பார்கள்.

எங்கள் வீட்டின் பின்சுவருக்கும் கோட்டைச் சுவருக்கும் நடுவே நாலு எட்டு வைக்கிற இடம்தான். உள்ளே என் மகள், பிள்ளை பெற்று ஆறு நாளான பச்சை உடம்புக்காரி, எழுந்து உட்கார்ந்தாலே கண் இருட்டிக்கொண்டு வந்தது அவளுக்கு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மருமகனைக் கைதிகளோடு கப்பலில் ஏற்றிவிட்டார்கள். வேறு எந்த வீட்டுக்கும் கூரை இல்லை, மழை வேறு பிடித்துக்கொண்டது. இந்தக் கூரையும் போனால் குழந்தை தங்காது. எனக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது.

நாலு நாள் இருபது பேர் சம்மட்டியும் கடப்பாரையும் வைத்து அடித்தார்கள். இவர் பகுதியின் மேற்கு முனையில் தொடங்கி முழங்கால் உயரம்கூட இறக்க முடியவில்லை. அண்ணன் பகுதியோ இரண்டே நாளில் தரையோடு தரை. பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

நாலாம் நாள் மதியம் இவர் கஞ்சி குடிக்க வந்தார். கை கொப்புளித்திருந்தது. அதிலும் மனுஷருக்கு ஒரு பெருமை.

"பார்த்தியா, ஒரு செங்கல் பேருதா? சுண்ணாம்பு அப்படி."

"உங்க பெருமையைத் தூக்கி உடைப்பில போடுங்க," என்றேன். "நாளைக்கு அந்தச் சுண்ணாம்பு நம்ம பேரப்பிள்ளை தலையில விழப்போகுது."

இவர் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டார். இவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அப்போது வாசலில் அண்ணன் நின்றான். உள்ளே வரலாமா என்றுகூடக் கேட்காமல் நின்றான். இளைத்து, கழுத்து எலும்பெல்லாம் தெரிந்தது.

"மாப்ளே, முனையில அடிக்காதீங்க. வீட்டுக்கு நேர் பின்னாடி வாங்க. அங்க நாப்பது அடி மண்ணுதான்."

"என்ன உளர்றே? அது நான் கட்டினது."

"நீங்க கட்டலை. அப்ப நீங்க விஷக்காய்ச்சல்ல ஒன்றரை மாசம் படுத்திருந்தீங்க. இவ உங்க பக்கத்துலயே இருந்தா. உங்க ஆளுங்க பாதிப் பேர் ஓடிட்டாங்க, சூளைக்கு விறகும் இல்ல. குறிச்ச நாளுக்குள்ள முடிக்கலைன்னா மேஸ்திரி வேலை உங்க கையை விட்டுப் போயிடும்னான் அந்த வெள்ளைக்காரன். எனக்கு வந்த சுண்ணாம்பைக் கொண்டுவந்து உங்க சுவருக்கு வெளிப்பூச்சுப் பூசினேன். உள்ளே வெறும் களிமண். என் பகுதிக்குச் சுண்ணாம்பு மிஞ்சல."

சுண்ணாம்பு மிஞ்சாத அந்தச் சுவரைத்தான் அன்று இவர் ஆணியால் கீறினார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே அண்ணே," என்றேன்.

"சொன்னா இவர் மேஸ்திரியா இருந்திருக்க முடியுமா? அப்புறம் சண்டை வந்துச்சு. இருக்கிறதுலயே கெட்டியான இடம்னு தெருப் பிள்ளைங்களை எல்லாம் அங்கதான் படுக்க வச்சாங்க. நான் எந்த வாயால சொல்லுவேன்? தினம் போய் அவங்களோட உட்கார்ந்துக்கிட்டேன். விழுந்தா என் மேலயும் விழட்டும்னு."

இவர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு எழுந்தார். வீட்டுக்குப் பின்னால் பூச்சைப் பெயர்த்துக் குத்தினார். கடப்பாரை ஒரு முழம் உள்ளே போய்விட்டது. பன்னிரண்டு வருஷமாக ஊரெல்லாம் இவர் பெருமை பேசித் திரிந்த சுவர். இவர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்த்தால் தாங்காது என்று தெரியும்.

அதற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வேலை பார்த்தார்கள். சுவர் வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டால் எல்லாம் வீண், வெளியே அகழிப் பக்கம்தான் விழ வேண்டும். அதனால் வெளிப்புறம் அடியைத் தோண்டித் தோண்டி, தோண்டிய இடத்தில் மரக்கட்டை முட்டுக் கொடுத்துக்கொண்டே போனார்கள். அண்ணன் கரியால் கோடு போட்டுக் காட்டினான், இங்கிருந்து இதுவரை என்று. குழிக்குள் இறங்கித் தோண்டியவனும் அவன்தான். இவர் மேலே நின்று, "போதும் மச்சான், வெளிய வா," என்று நிமிஷத்துக்கு ஒரு தரம் சொல்லிக்கொண்டிருந்தார். எத்தனை வருஷத்துக்கு அப்புறம் வந்த மச்சான்.

ஐந்தாம் நாள் காலை முட்டுகளில் கயிறு கட்டி, அகழிக்கு அந்தப் பக்கம் நின்று இருபது பேரும் இழுத்தார்கள். நான் மகளையும் குழந்தையையும் என் உடம்பால் மூடிக்கொண்டு கிடந்தேன். பெரிய சத்தம் வந்தது, வீடு ஒரு தரம் குலுங்கியது. கண்ணைத் திறந்தபோது கூரை கூரை இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. பின் ஜன்னலில் வானம் தெரிந்தது. சுவர் எழும்பும் முன்னால் அதில் வானம் பார்த்தது, அதற்குப் பிறகு இப்போதுதான். குழந்தை தும்மியது.

மதியம் வந்த அதிகாரி கையை மட்டும் ஆட்டிவிட்டு, மேற்கு முனைக்கு வெடிமருந்தைக் கொண்டுபோகச் சொன்னார். தூரத்தில் வெடித்தது, எங்களுக்குப் பானை இரண்டு உடைந்ததோடு சரி. அன்றைக்கு அண்ணன் எங்கள் வீட்டில் சாப்பிட்டான். வெறும் கஞ்சிதான். மூன்று தரம் வாங்கிக் குடித்தான். நான் காலில் விழப் போனேன், "போடி பைத்தியம்," என்றான்.

இரண்டு வருஷம் கழித்து அந்த ராஜாக்கள் சமாதானமாகிவிட்டார்கள். கைதிகளை விட்டார்கள். மருமகன் ஒரு காதை எங்கோ விட்டுவிட்டு வந்து சேர்ந்தார், பாக்கி எல்லாம் முழுசாக இருந்தது. ஊரையும் பிரெஞ்சுக்காரர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எதற்காக இவ்வளவும் என்று கேட்க ஆள் யாரும் அகப்படவில்லை.

திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் போட்ட முதல் உத்தரவு, சுவரைக் கட்ட வேண்டும் என்பது. பழைய கோட்டிலேயே. புதிய அதிகாரி வரைபடத்தை விரித்து, யாருக்கு எந்தப் பகுதி என்று இவரைப் பிரித்துச் சொல்லச் சொன்னார். இவர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் விரலை வைத்தார்.

"இந்த நாப்பது அடி என் மச்சானுக்கு."

அண்ணன் இவரைப் பார்த்தான். "சாந்து எப்படிப் போடட்டும் மாப்ளே?"

பேரன் செங்கல் குவியலில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தான். இவர் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"போன தடவை போட்ட மாதிரியே போடு."

இந்த முறை களிமண்ணைக் குழைத்துக் கொடுத்தவள் நான்.