எந்த நாடு

செம்மேட்டுச் சந்தையில் ஜீப்பின் மேல் குழாய் கட்டி அறிவித்தார்கள். "கார்கில்ல சண்டை நடக்குது! ரோட்டுக் கூலிக்கு வெச்சிருந்த காசெல்லாம் பட்டாளத்துக்குப் போவுது. ஆளுக்கு மூணு நாள் நாட்டுக்கு ஒழைங்க!"

கண்ணாயி காதில் கடைசிப் பேச்சு மட்டும்தான் தங்கியது. நாடு என்றால் அவளுக்குக் குண்டனி நாடு, மலைமேல் அவர்களுடைய சில ஊர்கள் சேர்ந்த பகுதி. கோயில் வேலையோ பாதை வேலையோ, நாட்டுக்கு என்றால் கூலி கேட்காமல் போவது மலையில் வழக்கம். ஒருவழியாகத் தங்கள் ஊருக்கு ரோடு வருகிறது என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள். போன வருஷம் பேறுவலியில் அவளைக் கம்பளியில் கட்டிக் கம்பில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பாறைச் சரிவிலேயே பிள்ளை பிறந்து செத்துப்போனது. இப்போது மறுபடியும் ஆறு மாதம்.

சாமைக் காட்டில் களையை அப்படியே போட்டுவிட்டு, புருஷன் மாதனோடு வந்து ஜல்லி சுமந்தாள். மூன்றாம் நாள் மதியம் பாதை பிரியும் இடம் வந்தது. ஊருக்கு இடப்பக்கம் போக வேண்டும். காண்டிராக்டர் சின்னராசு ரோடு போக வலப்பக்கமாகக் கயிறு பிடிக்கச் சொன்னார். அந்தப் பக்கம் அவருடைய மிளகுத் தோட்டத்தையும் பங்களாவையும் விட்டால் வேறொன்றும் கிடையாது.

"ஏனுங்க, நம்ம நாடு இந்தப் பக்கமுங்களே?" என்று இடப்பக்கம் காட்டினாள் கண்ணாயி.

சின்னராசு வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டீங்களாப்பா! நாடுன்னா உங்க நாலு குடிசைன்னு நெனச்சியா கண்ணு? நாடுன்னா இந்தியா!"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அப்படியே நினைத்து வந்தவர்கள்தான் அத்தனை பேரும்.

"சரிங்க. அப்ப பட்டாளத்துக்காரங்க உங்க பங்களாவுக்கா வாராங்க?"

சின்னராசு சிரிப்பை நிறுத்தினார். "மொளகு லோடு எறங்குனாத்தான் வரி. வரி இருந்தாத்தான் துப்பாக்கிக்குக் குண்டு. உனக்கெங்க புரியப்போவுது? வாயும் வயிறுமா இருக்கிறவ, லட்டு தின்னு சாமி."

வெற்றிலைச் சாறு வழிந்த வாயைத் துடைத்த அதே கையால் லட்டை எடுத்து நீட்டினார்; மற்றவர்களுக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார். பேப்பர்க்காரன் ஒருவன் கேமராவோடு வந்திருந்தான். ஒவ்வொருவர் மேலும் காகிதக் கொடியைக் குத்தி வரிசையாக நிறுத்தினார்கள்.

லட்டில் டால்டாவும் வெற்றிலையும் சேர்ந்து நாறின. கண்ணாயி அதைக் கீழே போட்டாள். பக்கத்தில் மாதனைப் பார்த்தாள். அவன் லட்டை வாய் நிறைய அடைத்து மென்றுகொண்டிருந்தான். உதட்டோரம் டால்டா மினுங்கியது. செத்த பிள்ளையைத் துண்டில் சுற்றித் தூக்கிவந்த ஆள் இவன்தான். சின்னராசுவைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பு வரவில்லை.

தன் கூடையைக் கயிற்றின் மேல் கவிழ்த்தாள். மாதனின் கூடையையும் இழுத்துக் கவிழ்த்தாள்.

"ஊட்டுக்கு வாரீங்களா மாமா, இல்ல இன்னும் நாட்டுக்கு ஒழைக்கறீங்களா?"

மாதன் வாயைத் துடைத்துக்கொண்டான். கேமராவைப் பார்த்தான். பிறகு சின்னராசுவைப் பார்த்தான்.

அவள் இடப்பக்கம் திரும்பி நடந்தாள்.

"ஒருத்தி போனா என்ன, நடுவுல சந்து தெரியாம நெருங்கி நில்லுங்க" என்றான் பேப்பர்க்காரன்.

நெருங்கி நின்றார்கள். மாதனும் நின்றான்.