எப்சிபாளை ஏற்காத தண்ணீர்

பஸ்காவுக்கு இரண்டு நாள் முன்பு எப்சிபாள் கெபார்சேயா ஊரின் குளியல் தொட்டியில் இறங்கியபோது, தொட்டித் தண்ணீர் முழுவதும் எழுந்து எதிர்ப்படி வழியாக ஏறித் தெருவில் போய் நின்றுகொண்டது. அவள் மேலே வந்ததும் அது மறுபடி உள்ளே போயிற்று. தெருவில் காயவைத்திருந்த ஆட்டுத்தோல்கள் நனைந்துவிட்டன என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம்போட்டார்கள். அவள் மறுபடி இறங்கினாள். தண்ணீர் மறுபடி வெளியே போயிற்று. மூன்றாம் முறை தோல்காரர்களே அவளைத் தடுத்துவிட்டார்கள்.

அவள் அங்கே போக வேண்டி வந்ததற்குக் காரணம் ஒரு பிணம். ஊர் எல்லை அத்திமரத்தடியில் எங்கிருந்தோ வந்த ஊசி வியாபாரி ஒருவன் செத்துக் கிடந்தான். பஸ்காவுக்கு எருசலேம் போக எல்லாரும் சுத்திகரித்துக்கொண்டிருந்த சமயம்; பிணத்தைத் தொட்டால் ஏழு நாள் தீட்டு, அதற்குள் கூட்டம் கிளம்பிவிடும், பயணம் போச்சு. ஒருவனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, இன்னொருவனுக்குக் கழுதை காணாமல் போயிற்று. பொழுது சாய்வதற்குள் புதைத்தாக வேண்டும். எப்சிபாள் அவர்களைத் திட்டிக்கொண்டே போய், பிணத்தைக் கழுவி, தாடையைக் கட்டி, இரண்டு இடையர்களை வைத்துக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு வந்தாள்.

தண்ணீரின் பிணக்கு முதலில் தெரியவந்தது, அவள் தொட்டிக்குப் போகும் முன்பு, பிணத்தீட்டுக் கழிக்கிற கிடாரிச் சாம்பல் நீரைத் தெளித்தபோதுதான். ஆசாரியன் எல்தாத் மருக்கொழுந்துபோல ஒரு தழைக்கட்டை நனைத்து அவள்மேல் தெளித்தார். துளிகள் அவளைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்னால் நின்ற கழுதைமேல் விழுந்தன. யாருக்கும் தேவையில்லாமல் அன்று ஒரு கழுதை சுத்தமாயிற்று. குடிக்கிற தண்ணீருக்கு மட்டும் அவளிடம் எந்தப் பகையும் இல்லை. தொண்டையில் ஒழுங்காக இறங்கியது. தோலில் படுவதுதான் அதற்குப் பிடிக்கவில்லை. மழை அவளுக்கு ஒரு முழம் தள்ளியே பெய்தது. அவள் சாம்பலும் எண்ணெயும் தேய்த்து மரச்சீவலால் வழித்துக்கொண்டாள்.

ஊரார் பஸ்காவுக்குப் போய்த் திரும்பினார்கள், வாற்கோதுமை அறுத்தார்கள், திராட்சை மிதித்தார்கள். எப்சிபாளின் தீட்டு மட்டும் தீரவில்லை. அவள் புருஷன் இத்தாமார் கெட்டவன் இல்லை, பயந்தவன். அவள் கைபட்ட மண்பானைகளையெல்லாம் உடைத்தான். கல்பாத்திரம் தீட்டுப்படாது என்பதால் அவளுக்கு ஒரு கல்கிண்ணம் வாங்கிக் கொடுத்துவிட்டுக் கூரைமேல் படுத்துக்கொண்டான். பகலெல்லாம் அவள் பின்னாலேயே திரிந்தான்.

“அதைத் தொடாத. ஐயோ, இதையும் தொட்டியா?”

“செவுத்துல சாஞ்சேன்யா. இனி வீட்டையும் இடிச்சிரு.”

எல்தாத்திடம் கேட்டால் அவர் தாடியைத் தடவினார். “தண்ணில குளிக்கணும்னு சட்டம் சொல்லுதும்மா. தண்ணி வரமாட்டேன்னா என்ன செய்யணும்னு சொல்லல.”

“அப்போ தண்ணியக் கூப்பிட்டு விசாரிங்க ஐயா. ஓடுறது அதுதானே?”

அவளும் இத்தாமாரும் ஊற்றுக்குப் போனார்கள், ஊற்று பாறைக்குள் போய்விட்டது. யோர்தானுக்கு நடந்தார்கள், அவள் கரையில் செருப்பைக் கழற்றியதுமே ஆறு இரண்டாக விலகியது. ஓடக்காரனின் ஓடம் சேற்றில் உட்கார்ந்தது. உப்பு ஏற்றி வந்த கழுதைக்காரர்கள் கூலி மிச்சமென்று வரிசையாக நடந்து அக்கரை போனார்கள். ஓடக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். “முன்னோர் காலத்துல ஒரு சனமே கடக்க வெலகுச்சு, சரி. ஒருத்தி குளிக்கவா வெலகணும்? கூட்டிட்டுப் போய்யா வீட்டுக்கு!” வீட்டு வாசலுக்குத் திரும்பியதும் எப்சிபாள், “இனிமே எங்கயும் வரமாட்டேன்” என்றாள்.

அதற்குப் பிறகு அவளும் ஓய்ந்தாள், ஊரும் ஓய்ந்தது. இத்தாமாருக்குத்தான் வேலை கூடிற்று. கயிற்றையும் தோல்வாளியையும் அவள் தொடக்கூடாதே, அதனால் வீட்டுக்குத் தண்ணீர் இறைப்பது அவன்தான். குளிர்காலத்தில் மழை நிறைந்திருந்த பெரிய தொட்டிக்கிணற்றின் விளிம்பில் பாசி பிடித்திருந்தது. அவன் வாளியோடு உள்ளே போனான். நீந்தத் தெரியாதவன். ஓடிவந்தவர்கள் கயிறு, கயிறு என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டிருந்தபோது, எப்சிபாள் கூட்டத்தை முழங்கையால் இடித்துத் தள்ளினாள். அவள் இடித்தவர்கள் அத்தனை பேரும் தீட்டானார்கள். அவள் கற்படிகளில் இறங்க இறங்கத் தண்ணீர் மறுபக்கத்து வாய் வழியாக ஏறி, மேலே நின்றவர்களின் முழங்காலை நனைத்துக்கொண்டு தெருவில் குவிந்தது. அடியில் சேற்றில் இத்தாமார் குப்புறக் கிடந்தான். அவள் எட்டி நின்று செருப்பு முனையால் அவனைப் புரட்டினாள். அவன் தண்ணீரைக் கக்கிக் கண்ணைத் திறந்து, அவளைப் பார்த்ததும் சொன்னது:

“கிட்ட வராத! தொட்டுராத!”

எப்சிபாள் படியில் உட்கார்ந்துவிட்டாள். “சரி, தொடல. ஆனா நான் மேல போனா அது திரும்பி வந்துரும். போகட்டுமா?”

அவன் அண்ணாந்து பார்த்தான். கிணற்று வாயைச் சுற்றித் தண்ணீர் அவனுக்காகக் காத்திருந்தது. அவனுக்கு எழுந்து நிற்கப் பலமில்லை. வெகுநேரம் கழித்துக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைப் பிடிக்காமல் அவன் தாடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினாள்.

அன்று சாயங்காலம் அவன் தீட்டுக் கழிக்கக் குளியல் தொட்டிவரை போனான். தண்ணீர் அவனுக்கு அசையாமல் நின்றது. கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன், இறங்காமலே வீட்டுக்கு வந்து அவள் சுட்ட அப்பத்தைப் பிட்டுத் தின்றான். உப்பு போதவில்லை என்றான். கூரைமேல் இருந்த பாயை மறுநாள் காணோம்.

அவள் இறங்கிய கிணறாயினும், ஊருக்குக் குடிக்க அதை விட்டால் வேறு கதியில்லை. எல்தாத் சட்டச் சுருளைத் தேடி, நீரூற்றும், நீர் நிறைந்த தொட்டியும் தீட்டுப்படா என்ற வரியைக் கண்டு சொன்ன பிறகு எல்லாரும் நிம்மதியாகக் குடித்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை தூர்வார அவளைக் கூப்பிட்டார்கள். அவள் நடுவில் நின்று மண்வெட்டிக்காரர்களைச் சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டினாள். கோடையில் ஓடை வற்றி ஒரு கோடாகிவிடும்போது துணி வெளுக்கும் பெண்களும் அவளை விடவில்லை.

“யக்கா, கொஞ்சம் அந்தக் கரையில போய் நில்லேன். தண்ணி இந்தக் கல்லுகிட்ட வரட்டும்.”

எப்சிபாள் முணுமுணுத்துக்கொண்டே பாவாடையைத் தூக்கிப் பிடித்து அந்தக் கரைக்குப் போய் நின்றாள்.