நல்ல மண்ணாக எடுக்கவும்

நாற்பது வயலிலும் மண்ணின் கார்பன் இரண்டே வருடத்தில் இரட்டிப்பாம்! யார் காதில் பூச்சுற்றுகிறார்கள்? மண் ஆய்வுக்கூட அதிகாரி அறிக்கையை மேசையில் விட்டெறிந்தாள்.

காற்றில் ஏறும் கார்பனை வேரும் வைக்கோலுமாக வயலுக்குள்ளேயே தங்கவைக்கலாம், அதை அரசின் காலநிலைக் கொள்கையாக்குங்கள் என்று ஆறு வருடமாக ஒற்றைக்காலில் நிற்பவள் அவள். மூன்று மணிக்கு அமைச்சரின் குழு இந்த எண்களைக் கேட்கும். பொய் என்று பின்னால் தெரிந்தால் அந்தப் பேச்சையே யாரும் எடுக்க மாட்டார்கள்.

முதல் வருடம் நடுவயலில் அவளே மண் எடுத்தாள். இந்த முறை எடுத்து வந்தவர் அக்காவின் கணவர். வேலை வாங்கிக்கொடுத்ததும் அவள்தான். எப்போதும் சிரித்த முகம். இன்று அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தான், உண்மையைச் சொல்லுங்க. பையில என்னத்தக் கலந்தீங்க?"

சிரிப்பு நின்றது. "என்னைப் பாத்தா திருடன் மாதிரியா இருக்கு?"

"அப்ப மண்ணு ஏன் இவ்வளவு கறுப்பு?"

"நீ எழுதிக் குடுத்தபடிதான் எடுத்தேன்." சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். அவள் கையெழுத்தேதான்: ‘கல், குப்பை இல்லாமல் நல்ல மண்ணாக எடுக்கவும்.’

"நல்ல மண்ணா குடுங்கன்னு கேட்டா யாரு விட்டுக்குடுப்பா? வயக்காரங்க எல்லாரும் எருக்குழி ஓரமா கூட்டிட்டுப் போனாங்க. உங்கக்கா பூந்தொட்டியிலேர்ந்தே அள்ளிப் போட்டா. ‘என் தங்கச்சி பாக்கப்போற மண்ணாச்சே’ன்னா."

அட கடவுளே! எரு மண்ணில் கார்பன் ஏறாமல் என்ன செய்யும்? ‘நடுவயலில்’ என்று ஒரு சொல் எழுதாமல் விட்டவள் அவள்; திருட்டுப் பட்டம் அவருக்கு. அவமானத்தில் காது சுட்டது.

"மன்னிச்சிடுங்க அத்தான்."

அவர் சீட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

விஷயத்தைக் கேட்ட ஆய்வுக்கூட இயக்குநரோ, "யாருக்கும்மா தெரியப்போகுது? வாயை மூடிட்டு வாங்க" என்று காரில் ஏற்றினார்.

குழுவின் முன் அவள் எழுந்தாள். "மண்ணு தப்பான இடத்துல எடுத்தது. எடுத்தவர் மேல தப்பில்ல, எழுதிக் குடுத்த நான்தான் தப்பு பண்ணேன்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அதை விடுங்க. நம்ம வயல்ல கார்பன் நிக்குமா, நிக்காதா?"

நிற்கும், நிற்கும் என்று ஆறு வருடமாகத் தொண்டை கிழியக் கத்தியவள் அவள்.

"தெரியாதுங்க" என்றாள்.